செத்த மான் அரசாங்கச் சொத்து! மேயுற மான் யார் பொறுப்பு?

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!



கடன் வாங்கி விதைத்து, களை எடுத்து, உரம் போட்டு, மழைக்கு வானத்தைப் பார்த்து, புழுவுக்கு மருந்தடித்து, கடைசியில் கதிர் பிடிக்கும் நேரத்தில் காட்டு விலங்குக்குப் படையல் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற கூட்டம் நாம். இந்த நோட்டீஸ் அந்தக் கூட்டத்துக்காக அந்தக் கூட்டமே எழுதுவது. முழுசாகப் படியுங்கள். படித்துவிட்டுப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றால் பெரம்பலூர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். செட்டிகுளம் சின்ன வெங்காயம் ஊரெல்லாம் போகிறது. குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் பருத்தி, செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரியும் கடலையும். இதெல்லாம் பெரும்பாலும் மானாவாரி. ஆற்றுப் பாசனம் உள்ளவனுக்கு ஒரு போகம் போனால் அடுத்த போகம். நமக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை. அது போனால் அந்த வருஷமே போச்சு.

அந்த ஒரு வெள்ளாமைக்கும் இப்போது நாலு பங்காளி. முளைத்த அன்றைக்கே விதையைக் கொத்துவது மயில். நாலு இலை விட்டதும் குருத்தைக் கடிப்பது புள்ளிமான். கதிர் பிடித்ததும் தட்டையைச் சாய்த்துத் தின்பது காட்டுப்பன்றி. மிச்சம் இருந்தால் குரங்கு. எல்லாம் போக மீதிதான் விதைத்தவனுக்கு.

ராத்திரிக் காவல் என்றால் என்ன?

கலெக்டர் ஆபீசில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து "காவல் போடுங்க" என்று சொல்வது சுலபம். கார்த்திகைப் பனியில் பரண் மேல் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். நாங்களும் உட்காருகிறோம். எட்டு மணிக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனால் விடிய அஞ்சு மணிக்குத்தான் இறக்கம். தகர டப்பா தட்டினோம். பட்டாசு வெடித்தோம். வீட்டுப் பெண்களின் பழைய சேலையை எல்லாம் வாங்கி வரப்பைச் சுற்றிக் கட்டினோம். இன்றைக்குப் பெரம்பலூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் பார்த்தால், ஏதோ திருவிழாவுக்குத் தோரணம் கட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பான். அது தோரணம் இல்லை ஐயா, எங்கள் வயிற்றெரிச்சல்!

சேலை ஒரு வாரம் தாங்கும். அப்புறம் மானுக்குப் பழகிவிடும். நாய் குரைக்கிற சத்தத்தைப் பதிந்து ஒலிபெருக்கியில் போட்டோம். அதுவும் பழகிவிட்டது. நடுச்சாமம் தாண்டி டார்ச் அடித்தால் வரிசையாகக் கண்ணு மின்னும். பதினைஞ்சு, இருபது இருக்கும். விரட்டினால் இந்த வயலில் இருந்து அந்த வயலுக்குப் போகும். அந்த வயல்காரன் விரட்டினால் திரும்ப இங்கே வரும். காவலில் தூக்கம் கெட்டு, பாம்புக்குப் பயந்து, மறுநாள் கூலி வேலைக்கும் போக முடியாமல் கிடக்கிற உடம்புக்கு எந்த அரசாங்கம் சம்பளம் கொடுத்தது?

அதே மான், கோடையில் தண்ணி தேடி வந்து திட்டுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது. நாய் துரத்துகிறது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுச் சாகிறது. கிணற்றில் விழுந்த மானைக் காப்பாற்ற வடக்கயிறு கட்டி இறங்குகிறவன் யார்? எவனுடைய உளுந்தை அது மேய்ந்ததோ, அவனேதான்! தீயணைப்பு வண்டி வரும்வரை தலையைத் தண்ணிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறவனும் அவன்தான். மான் மேல் எங்களுக்குப் பகை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். 1991-ல் திருத்தம் வந்தபோது, லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுகிற வழக்கத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். 2022-ல் மறுபடியும் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது மயிலும் வெளிமானும் முதல் அட்டவணை. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணை. முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 வருஷம், கூடினால் 7 வருஷம் சிறை. இரண்டாம் அட்டவணை என்றால் 3 வருஷம் வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ.

அந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைக் கேளுங்கள். வேட்டையாடப்பட்ட விலங்கு, செத்துக் கிடந்த விலங்கு, தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கு, எல்லாம் மாநில அரசின் சொத்து!

நல்லது. செத்தால் உன் சொத்து. சரி, உயிரோடு எங்கள் கொல்லையில் மேயும்போது அது யார் பொறுப்பு? ஊரான் மாடு வயலில் இறங்கினால் பவுண்டில் அடைத்துத் தண்டம் வாங்குகிற வழக்கம் நம் ஊர்களில் இருந்ததே. அரசாங்கத்து மான் இறங்கினால் எந்தப் பவுண்டில் அடைப்பது? யாரிடம் தண்டம் கேட்பது? ரேஞ்சரைக் கேட்டால் வி.ஏ.ஓ.விடம் போ என்கிறார். வி.ஏ.ஓ.வைக் கேட்டால் வேளாண்மை ஆபீசுக்குப் போ என்கிறார். வேளாண்மை ஆபீசில் "இது வனத்துறை விஷயம்" என்கிறார்கள். மூன்று ஆபீசுக்கும் பஸ் சார்ஜ் நம்முடையது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில், மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தாகிவிட்ட இரண்டாம் அட்டவணை விலங்கின் மேல் நடவடிக்கை எடுக்க, தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலம் உத்தரவு போடலாம் என்று இருக்கிறது. "சொத்து" என்பதில் நிலத்தில் நிற்கும் பயிரும் அடக்கம் என்று சட்டமே சொல்கிறது. சட்டத்துக்கு நம் பயிர் ஞாபகம் இருக்கிறது. ஆபீசருக்குத்தான் ஞாபகம் இல்லை!

"ஆளுக்கொரு துப்பாக்கி கொடு" என்கிற பேச்சு

இப்போது விஷயத்துக்கு வருவோம். எங்கள் சங்கக் கூட்டத்திலேயே இந்தப் பேச்சு வந்தது. "மனு கொடுத்துக் கொடுத்துக் கை வலிக்குது. ஆளுக்கொரு துப்பாக்கி லைசென்ஸ் கேளுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று தம்பிமார்கள் கத்தினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விதைத்த வயலைப் பார்த்துவிட்டு வந்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் சங்கம் என்பது கோபத்தை வாங்கி யோசித்துத் திருப்பிக் கொடுக்கிற இடம். யோசித்ததைச் சொல்கிறோம்.

முதலில், சட்டத்தில் வழி இல்லை என்று யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கெட்டித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு குடிமகன் லைசென்ஸ் கேட்கலாம் என்று அதில் எழுதியே இருக்கிறது. அந்தத் துப்பாக்கி பயிர்க் காவலுக்குப் போதாது என்று அதிகாரி நினைத்தால் வேறு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் அந்தக் காரணத்தைச் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. அப்பீலுக்கு 18-ஆம் பிரிவு. ஆகவே மனுவை வாங்கி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு "பாக்கலாம்" என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடு! இதைக் கேட்பது நம் உரிமை. இதில் சங்கம் உங்களோடு நிற்கும்.

ஆனால் துப்பாக்கி வந்தால் வெள்ளாமை பிழைத்துவிடுமா? கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும்? பட்டா உள்ளவனுக்கு, போலீஸ் ஸ்டேஷனில் செல்வாக்கு உள்ளவனுக்கு, அலைய வசதி உள்ளவனுக்கு. குத்தகைக்கு உழுகிறவனுக்குக் கிடைக்குமா? ஒண்ணரை ஏக்கர் வைத்திருக்கும் விதவைத் தாய்க்குக் கிடைக்குமா? ஊரில் நூறு பேர் வெள்ளாமை வைத்தால் நாலு பேர் வீட்டில் துப்பாக்கி தொங்கும். அந்த நாலு பேர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

வரப்புத் தகராறுக்கு அரிவாள் தூக்குகிற ஊர்கள் இவை. வாய்க்கால் தண்ணிக்கு மண்டை உடைகிற ஊர்கள். சாதிச் சண்டையில் குடிசை எரிந்ததைப் பார்த்த ஊர்கள். அரிவாளுக்குப் பதில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும்? பன்றிக்கு வாங்கினது பங்காளியின் மேல் திரும்ப எத்தனை நாள் ஆகும்?

ஆள் உசரம் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் ராத்திரியில் சலசலப்பு கேட்கிறது. பன்றியா, மானா, மடை மாற்ற வந்த பக்கத்து வயல்காரரா, ஒதுங்கப் போன பெண்ணா, யாருக்குத் தெரியும்? சுட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கிற விஷயமா இது?

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று தேர்தலுக்கு நம் நாட்டில் பஞ்சமா? பன்றிக்கு ஏது நடத்தை விதி!

"குடகில் இருக்கே" என்று படித்த தம்பிகள் கேட்கிறார்கள். உண்மைதான். கர்நாடகத்தில் குடகு மாவட்டத்தில் குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் துப்பாக்கி வைக்க லைசென்ஸில் இருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து வருவது. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தும் குடகுக் காப்பித் தோட்டத்தில் யானையும் பன்றியும் நுழைவது நின்றதா? நிற்கவில்லை.

"அமெரிக்காவில் இருக்கே" என்று இன்னொரு தம்பி. அங்கே துப்பாக்கி வைப்பது 1791-லேயே அரசியல் சட்டத்தில் சேர்ந்த உரிமை. மான் வேட்டைக்கு மாநில அரசு லைசென்ஸ் தருகிறது, பருவம் வைத்திருக்கிறது, எத்தனை அடிக்கலாம் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்குகிற வரியை வனவிலங்குக்கே செலவழிக்க 1937-லேயே சட்டம் போட்டார்கள். அங்கே வேட்டை ஒரு நிர்வாகம். இங்கே காட்டில் எத்தனை மான் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல ஒரு ஆபீசர் கிராமத்துக்கு வந்ததில்லை. எண்ணாத மானை எப்படிச் சுட்டுக் குறைப்பது?

பீகாரைப் பாருங்கள். 2015 டிசம்பரில் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் அங்கே பயிருக்குக் கேடான விலங்கு என்று ஒன்றிய அரசு அறிவித்தது. 2016 ஜூனில் மொகாமா பக்கம் வெளியூரில் இருந்து சுடத் தெரிந்தவர்களை வரவழைத்து 200-க்கும் மேல் நீல்காயைச் சுட்டுத் தள்ளினார்கள். டெல்லியில் இரண்டு மத்திய மந்திரிகளுக்குள் அதை வைத்துச் சண்டை. பேப்பரில் படம். அதோடு பீகார் விவசாயியின் தொல்லை தீர்ந்ததா? தீரவில்லை.

துப்பாக்கியை எங்கள் கையில் கொடுத்துவிட்டு "இனி உன் பாடு" என்று அரசாங்கம் கைகழுவப் பார்க்கும். அதற்கு நாம் இடம் கொடுக்கலாமா?

விவசாயி பெயரைச் சொல்லி மான்கறி விற்பவன்

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். பேசாமல் விட்டால் பழி நம் தலையில் விழும்.

நாங்களும் சாமியார் இல்லை. வாலிபத்தில் பொங்கல் கழித்து வலையும் நாயுமாக முயல் வேட்டைக்குப் போனவர்கள்தான். அது தப்பு என்று இன்றைக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்திலும் கூட வந்த பெரியவர்கள் சொன்ன நெறி ஒன்று இருந்தது. சினையைத் தொடாதே. குட்டிக்குப் பால் கொடுக்கிறதைத் தொடாதே. தண்ணி குடிக்க வந்ததைத் துரத்தாதே. விற்பனைக்குக் கொல்லாதே. அதற்கும் முந்தின தலைமுறையில் துரைமார்களும் ஜமீன்களும் யானை மேலும் குதிரை மேலும் வேட்டைக்கு வந்தபோது, பறை அடித்து விலங்கை விரட்டிக் கொடுக்கக் கூலிக்குப் போனவன் நம் பாட்டன். கொம்பு அவர்கள் சுவருக்கு, கால்வலி இவனுக்கு.

இன்றைக்கு நடப்பது என்ன? ராத்திரியில் ஜீப், ஃபோகஸ் லைட். வெளிச்சத்தில் கண் கூசி நிற்கிற மானைச் சுடுகிறான். கருவேலங்காட்டில் சுருக்குக் கம்பி வைக்கிறான். உணவுக்குள் அவுட்டுக்காய் வைத்து வாயைச் சிதற வைக்கிறான். கறி டவுனுக்குப் போகிறது, பணம் அவன் பைக்குப் போகிறது. பிடிபட்டால் என்ன சொல்கிறான் தெரியுமா? "பயிர மேஞ்சுதுங்க, விவசாயிங்க!" ஒரு சென்ட் நிலத்தில் ஒரு களை பிடுங்காதவன் விவசாயியாம்! இது வேட்டையும் இல்லை, காவலும் இல்லை. திருட்டு. இந்தத் திருட்டுக்குச் சங்கத்தின் பெயரை எவன் இழுத்தாலும் நாங்களே பிடித்துக் கொடுப்போம்.

பெரிய இடத்து வேட்டை எப்படி இருக்கும் என்று நாடே பார்த்தது. 1998-ல் ராஜஸ்தானில் சினிமா எடுக்கப்போன இடத்தில் வெளிமானைக் கொன்ற வழக்கு. நடிகர் சல்மான் கானுக்கு ஜோத்பூர் கோர்ட்டு 5 வருஷம் தண்டனை கொடுத்தது 2018 ஏப்ரலில். தீர்ப்பு வர 20 வருஷம். இரண்டே நாளில் ஜாமீன். அந்த வழக்கை இத்தனை வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஊர் பிஷ்னோய் மக்கள், மானைத் தெய்வமாக நினைக்கிற விவசாயக் குடிகள். நம் ஊரில் சுருக்குக் கம்பியோடு பிடிபட்ட ஏழைக்கு இரண்டு நாளில் ஜாமீன் கிடைக்குமா? வக்கீல் பீசுக்கே ஆடு மாடு போய்விடும். அதனால்தான் தம்பிகளே, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறோம். ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் கறி வியாபாரிக்கு வழி காட்டப் போகாதீர்கள். அவன் தப்பிப்பான். நீங்கள் மாட்டுவீர்கள்.

அதோடு ஒன்று. காட்டில் மான் செத்தால் முதலில் நரிக்குறவர் குடியிருப்பில் போய்க் கதவைத் தட்டுகிற பழக்கத்தையும் அதிகாரிகள் விட வேண்டும். வேட்டையைச் சட்டம் தடுத்த பிறகு பாசிமணிக்கும் ஊசிக்கும் மாறிப் பிழைக்கிற சனம் அது. குற்றம் செய்தவனைப் பிடி. கேட்க நாதி இல்லாதவனைப் பிடிக்காதே.

கரண்டுக் கம்பி வேண்டாம்!

இதைப் பெரிய எழுத்தில் படியுங்கள். வயலைச் சுற்றிக் கம்பி கட்டி மோட்டார் கொட்டகையில் இருந்து கரண்டு கொடுக்காதீர்கள். பன்றிக்கு வைத்த கம்பியில் விடியக்காலம் வெளிக்குப் போன மனுஷன் சிக்கிச் செத்த செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. பக்கத்து வயல்காரன் சாகிறான். சில இடத்தில் கம்பி கட்டினவனே மறந்து மிதித்துச் சாகிறான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிக் கட்டின கம்பியில் ஒரே ராத்திரியில் 3 யானை செத்தது. கம்பி கட்டின விவசாயி ஜெயிலுக்குப் போனார். ஒரு குடும்பம் தாலி இழக்கும், இன்னொரு குடும்பம் ஜெயில் வாசலில் நிற்கும். இரண்டு குடும்பமும் விவசாயக் குடும்பம்தான். ஒரு மூட்டைச் சோளத்துக்கு இந்த விலை வேண்டுமா?

சூரிய மின்வேலி வேறு. அதில் விட்டு விட்டு வருகிற சின்ன அதிர்ச்சிதான். விலங்கு பயப்படும், சாகாது. அதற்கு 2023-ல் தமிழக அரசு தனி விதி கொண்டுவந்திருக்கிறது. பதிவு செய்து, தர விதிப்படி போட வேண்டும். மானியம் என்று அறிவிப்பு வருகிறது. ஆனால் மானியம் போக மீதியைப் போட ஒண்ணரை ஏக்கர்காரனிடம் காசு ஏது? தனித்தனியாகப் போட்டால் கட்டுப்படி ஆகாது. ஊரைச் சுற்றிப் பொது வேலியாக அரசாங்கமே போட்டால் என்ன?

மான் ஏன் காட்டை விட்டு வருகிறது?

மானுக்கு நம் உளுந்து மேல் ஜென்மப் பகையா? காட்டில் புல் இல்லை, தண்ணி இல்லை. காப்புக்காட்டில் தைல மரம் வைத்தார்கள். தைல இலையை மான் தின்னாது. மிச்ச இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. அரியலூர் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டி மேய்ச்சல் நிலம் எல்லாம் பள்ளமாகப் போனது. மானை அடித்துத் தின்னப் புலியும் இந்தச் சமவெளிக் காட்டில் இல்லை. பகலில் முள்ளுக்குள் படுக்கை, ராத்திரியில் நம் வயலில் பந்தி. காட்டைக் கெடுத்தவன் ஒருவன், தண்டம் கட்டுகிறவன் இன்னொருவன். இதுதானா நீதி?

2025 ஜனவரியில் காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1-ல் இருந்து 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் மாவட்டக் காப்புக்காடு சத்தியமங்கலம் மாதிரி ஒரே காடாகவா கிடக்கிறது? இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. பல ஊர்களில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஏதோ ஒரு துண்டு பக்கத்தில் இருக்கும். அப்படியானால் எங்கள் ஊர்ப் பன்றி மட்டும் என்றைக்கும் சுடக்கூடாத பன்றியா? டேப்பை வைத்து அளப்பதை விட்டுவிட்டுச் சேதத்தை வைத்து அள! பக்கத்துக் கேரளத்தில் 2022-லேயே பஞ்சாயத்துத் தலைவருக்கு, தொல்லை தரும் பன்றியைச் சுட உத்தரவிடுகிற அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். சுடுவது லைசென்ஸ் உள்ள, பெயர் பதிந்த ஆள். பொறுப்பு அரசாங்கத்தின் கையில். அதைத்தான் நாமும் கேட்கிறோம்.

மானைப் பற்றி அந்த முடிவில் ஒரு வரி கிடையாது. மான் மேய்ந்தால் சேதமில்லையா?

இன்னொரு முக்கியச் செய்தி. வனவிலங்கு தாக்கி அழிந்த பயிரையும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. 2026 காரிஃப் பருவத்தில் இருந்து நடைமுறை. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலியில் இடக்குறிப்போடு போட்டோ எடுத்துப் பதிய வேண்டும். எந்தெந்த விலங்கு, எந்தெந்தப் பகுதி என்று மாநில அரசுதான் பட்டியல் அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மானும் மயிலும் இல்லாமல் போனால் நமக்கு அந்தத் திட்டத்தால் என்ன பயன்? யானைக்கு மட்டும் இன்சூரன்ஸ் என்றால் யானை இல்லாத பெரம்பலூர்க்காரன் வேடிக்கை பார்ப்பதா?

எங்கள் கோரிக்கைகள்

1. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மான், பன்றி, மயில் ஆகியவற்றை முறையாகக் கணக்கெடு. கணக்கைக் கிராமசபையில் வைத்துப் படி.

2. காப்புக்காட்டு ஓரக் கிராமங்களுக்கு அரசு செலவில் பொதுச் சூரிய மின்வேலி அமை. காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டு, புல்வெளி வளர். தைல மரத்தையும் சீமைக்கருவேலையும் அகற்று.

3. மான் மேய்ந்தாலும், மயில் கொத்தினாலும், பன்றி சாய்த்தாலும் இழப்பீடு கொடு. விதை, உழவு, உரம், காவல் கூலி அத்தனையும் கணக்கில் சேர். குத்தகை விவசாயிக்கும் கொடு. ஒரே ஆபீசில் மனு வாங்கு, ஒரே மாதத்தில் பணம் கொடு.

4. வனவிலங்குச் சேதத்துக்கான காப்பீட்டுப் பட்டியலில் மான், பன்றி, மயில் மூன்றையும் சேர். நம் இரண்டு மாவட்டத்தையும் சேர். செயலி தெரியாத விவசாயிக்கு வி.ஏ.ஓ. மூலம் எழுத்து மனுவையும் ஏற்றுக்கொள்.

5. காட்டுப்பன்றிக் கட்டுப்பாட்டில் கிலோமீட்டர் கணக்கை மாற்று. துண்டுக் காடுள்ள மாவட்டங்களுக்குத் தனி விதி செய். சுடும் பொறுப்பை வனத்துறையே ஏற்றுக்கொள்.

6. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி லைசென்ஸ் மனுக்களுக்குச் சட்டப்படி எழுத்தில் பதில் சொல். கள்ளத் துப்பாக்கி செய்பவனையும் மான்கறி வியாபாரியையும் பிடி. அப்பாவி விவசாயி மேல் வழக்குப் போட்டுக் கணக்குக் காட்டாதே.

7. திட்டுச்சுவர் இல்லாத கிணறுகளுக்கு அரசு செலவில் சுவர் எழுப்பு. மனுஷனும் பிழைப்பான், மானும் பிழைக்கும்.

விவசாயிகளே!

வள்ளி தினைப்புனம் காத்த காலத்தில் கவண்கல் போதுமானதாக இருந்தது. காடு காடாக இருந்தது, மான் காட்டில் இருந்தது. இன்றைக்கு நாம் எறிய வேண்டிய கவண்கல் மனுவும் கூட்டமும்தான். ஒருத்தன் மனு கொடுத்தால் குப்பைக்கூடை. ஊரே போய் நின்றால் கலெக்டர் எழுந்து வருவார்.

சேதம் ஆன அன்றைக்கே போட்டோ எடுங்கள். தேதி, சர்வே நம்பர், எந்த விலங்கு, எத்தனை சென்ட் என்று நோட்டில் எழுதுங்கள். படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சங்கக் கிளையில் ஒரு நகல் கொடுங்கள். மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு இந்த மாதம் ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். வரும்போது மான் கடித்த பருத்திச் செடியையும், பன்றி சாய்த்த சோளத்தட்டையையும் கையில் எடுத்து வாருங்கள். வரப்பில் கட்டின சேலையையும் அவிழ்த்து எடுத்து வாருங்கள். அந்தச் சேலையைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கட்டுவோம். எங்கள் வயலுக்குக் காவல் இல்லை என்று அது சொல்லும்.

மானைச் சாகடிக்கச் சொல்லவில்லை. எங்களைச் சாகடிக்காதே என்கிறோம்!

கள்ளத் துப்பாக்கியைத் தொடமாட்டோம்! கரண்டுக் கம்பி கட்டமாட்டோம்! இழப்பீட்டை விடமாட்டோம்!

திரண்டு வாரீர்! ஆதரவு தாரீர்!

இவண்,
செயலாளர் மற்றும் செயற்குழுவினர்,
விவசாயிகள் சங்கம்,
பெரம்பலூர் – அரியலூர் மாவட்டங்கள்